எழுத்தொத்த ஆங்கிலச் சொற்களின் வரலாறு

ஒலியில் ஒன்றாகவோ மிக நெருக்கமாகவோ இருந்து, எழுத்தில் ஓரிரு இடங்களில் மட்டும் வேறுபட்டு, பொருளில் முற்றிலும் விலகி நிற்கும் சொற்கள் ஆங்கிலத்தில் ஏராளமாக உள்ளன. தமிழ் இலக்கணம் கற்பவர்கள் இவற்றை மயங்கொலிச் சொற்களுடன் ஒப்பிட்டுப் புரிந்துகொள்ளலாம். தேர்வுத் தாளில் இவற்றை மாற்றி எழுதினால் மதிப்பெண் குறையும். அதனால் மாணவர்கள் பெரும்பாலும் இவற்றை இணை இணையாக மனப்பாடம் செய்கின்றனர். ஆனால் இவை மொழியில் தற்செயலாக அமைந்தவை அல்ல. ஒலி மாற்றம், அச்சு, அகராதி, பிறமொழிக் கலப்பு ஆகியவை சேர்ந்து ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளில் உருவாக்கியவை. இவ்வரலாறு தெரிந்தால் சொற்கள் நினைவில் எளிதாகத் தங்கும்.

எழுத்துக்கூட்டல் நிலைபெற்ற விதம்

1066-இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பின்னர், அரசவையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு மொழி கோலோச்சியது. சமயத்துக்கும் கல்விக்கும் இலத்தீன் இருந்தது. ஆங்கிலம் மக்களின் பேச்சில் வாழ்ந்தது. அக்காலத்தில் ஒரே சொல்லை ஊருக்கு ஒரு விதமாக எழுதினர். ஒரே எழுத்தர் ஒரே பக்கத்தில் இரண்டு விதமாக எழுதுவதும் உண்டு. அதைப் பிழை என்று எவரும் கருதவில்லை.

வில்லியம் காக்ஸ்டன் 1476-இல் வெஸ்ட்மின்ஸ்டரில் இங்கிலாந்தின் முதல் அச்சகத்தை நிறுவினார். அச்சு பரவப் பரவ, எழுத்துக்கூட்டல் மெல்ல உறையத் தொடங்கியது. இதில் பள்ளி ஆசிரியர்களின் பங்கு பெரிது. இலண்டன் பள்ளி ஒன்றின் தலைமையாசிரியரான ரிச்சர்ட் மல்காஸ்டர், 1582-இல் வெளியிட்ட நூலில் 8,000-க்கும் மேற்பட்ட சொற்களை எழுத வேண்டிய முறையைப் பட்டியலிட்டார். ஆசிரியராக இருந்த ராபர்ட் காட்ரி 1604-இல் ஏறத்தாழ 2,500 கடினச் சொற்களுக்குப் பொருள் தந்தார். ஆங்கிலச் சொற்களுக்கு ஆங்கிலத்திலேயே பொருள் கூறிய முதல் அகராதியாக அது கருதப்படுகிறது. 1755-இல் வெளிவந்த சாமுவேல் ஜான்சனின் அகராதி பெரும்பாலான எழுத்துக்கூட்டல்களை நிலைநிறுத்தியது.

ஒலி கலந்தது, எழுத்து கலக்கவில்லை

எழுத்து உறைந்துகொண்டிருந்த அதே காலத்தில் பேச்சொலி மாறிக்கொண்டிருந்தது. ஏறத்தாழ 1400 முதல் 1700 வரை ஆங்கில நெடில் உயிரொலிகள் பலவும் இடம்பெயர்ந்தன. இதனை மொழியியலார் பெரும் உயிரொலி மாற்றம் என்பர்.

இறைச்சியைக் குறிக்கும் 'மீட்', சந்தித்தலைக் குறிக்கும் 'மீட்' ஆகிய இரண்டும் இன்று ஒரே ஒலி உடையவை. முன்பு அவ்வாறில்லை. வாய் சற்று விரிய ஒலித்த முதற்சொல்லுக்கு 'ஈ, ஏ' என்ற எழுத்துகளும், அவ்வளவு விரியாமல் ஒலித்த மற்றதற்கு இரண்டு 'ஈ' எழுத்துகளும் வழக்கமாயின. பின்னர் ஒலிகள் ஒன்றிவிட்டன. எழுத்து மட்டும் பழைய வேறுபாட்டைக் காத்து நிற்கிறது. கடலைக் குறிக்கும் 'சீ', பார்த்தலைக் குறிக்கும் 'சீ' ஆகியவற்றின் கதையும் இதுவே.

தமிழில் இதற்கு ஒப்பான நிலை உண்டு. அரம், அறம் ஆகிய சொற்களைப் பலர் இன்று ஒரே மாதிரி ஒலிக்கின்றனர். பழைய ஒலி வேறுபாட்டை எழுத்து காக்கிறது. மலையாளத்தில் அவ்வேறுபாடு பேச்சிலும் வாழ்கிறது.

ஒரு சொல் இரண்டான கதை

சில இணைகள் தொடக்கத்தில் இரு சொற்களே அல்ல. பூவைக் குறிக்கும் 'ஃப்ளவர்', மாவைக் குறிக்கும் 'ஃப்ளவர்' ஆகிய இரண்டும் பழைய பிரெஞ்சு வழியாக வந்த ஒரே சொல். செடியில் சிறந்தது பூ. அதுபோல, அரைத்த தானியத்தைச் சலித்தபின் கிடைக்கும் நேர்த்தியான பகுதி 'கோதுமையின் பூ' எனப்பட்டது. ஜான்சனின் அகராதியில்கூட இவை தனித்தனிச் சொற்களாகப் பிரிக்கப்படவில்லை. மாவுக்கு 'யு' வரும் வடிவமும் பூவுக்கு 'டபிள்யூ' வரும் வடிவமும் உறுதியாக நிலைபெற்றது 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில்தான்.

உலோகத்தைக் குறிக்கும் 'மெட்டல்', மனவுறுதியைக் குறிக்கும் 'மெட்டில்' ஆகியவையும் அப்படியே. கிரேக்கத்தில் சுரங்கத்தைக் குறித்த சொல் இலத்தீன், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தை அடைந்தது. ஒரு மனிதர் எத்தகைய உலோகத்தால் ஆனவர் என்று குணத்தைச் சுட்டவும் அது பயன்பட்டது. இரும்பு நெஞ்சம் என்று தமிழில் சொல்வதைப் போன்றது இது. ஷேக்ஸ்பியர் காலத்தில் இரு பொருளுக்கும் இரு வடிவங்களும் மாறி மாறி எழுதப்பட்டன. 18ஆம் நூற்றாண்டில் அவை பிரிந்தன.

மனிதனுக்குரியது என்னும் பொருளுடைய 'ஹியூமன்', இரக்கமுடையது என்னும் பொருளுடைய 'ஹியூமேன்' ஆகியவற்றையும் 18ஆம் நூற்றாண்டே தெளிவாகப் பிரித்தது. நீரில் மூழ்கியோரைக் காக்க 1774-இல் இலண்டனில் தொடங்கப்பட்ட சங்கம் பின்னர் 'ராயல் ஹியூமேன் சொசைட்டி' எனப் பெயர் பெற்றது. மனிதர் என்பதற்கும் மனிதநேயம் என்பதற்கும் உள்ள இடைவெளியை அப்பெயரின் இறுதி 'ஈ' காட்டுகிறது.

'டிஸ்க்ரீட்' என்று ஒலிக்கும் இரு சொற்களும் பிரித்தறிதல் என்னும் இலத்தீன் வேரிலிருந்து வந்தவை. 'ஈ' இரண்டும் சேர்ந்து நிற்பது சமயமறிந்து அடக்கமாக நடப்பதைக் குறிக்கும். இரண்டு 'ஈ'க்களுக்கும் நடுவே 'டி' நிற்பது தனித்தனியானது என்று பொருள்படும். பிரிந்து நிற்கும் எழுத்துகளே பிரிவைக் குறிக்கின்றன என்று மாணவர் நினைவில் கொள்ளலாம்.

தொழிலும் கணக்கும் தந்த சொற்கள்

அசையாதது என்னும் பொருளுடைய 'ஸ்டேஷனரி', எழுதுபொருளைக் குறிக்கும் 'ஸ்டேஷனரி' ஆகியவை மிகுதியாகக் குழப்புபவை. இடைக்காலத்தில் பெரும்பாலான வணிகர் ஊர் ஊராகச் சென்று விற்றனர். பல்கலைக்கழகங்களை ஒட்டி நிலையாகக் கடை வைத்து நூல் விற்றவர் 'ஸ்டேஷனர்' எனப்பட்டார். இலண்டனில் இவர்களின் சங்கம் 1557-இல் அரச சாசனம் பெற்றது. ஸ்டேஷனர் விற்ற பொருள் என்பதால் தாளுக்கும் மைக்கும் உரிய சொல்லில் 'ஈ, ஆர்' வருகிறது. அசையாததற்கு 'ஏ' வரும். வேர் ஒன்றே.

வங்கியின் 'செக்'கும் சரிபார்த்தலின் 'செக்'கும் பாரசீகத்து 'ஷா' என்னும் அரசனிடம் தொடங்குகின்றன. சதுரங்கத்தில் அரசனுக்கு வரும் நெருக்கடியைக் குறித்த சொல், தடுத்தல், சரிபார்த்தல் எனப் பொருள் விரிந்தது. 12ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் அரசுக் கருவூலத்தார், சதுரங்கப் பலகை போன்ற கட்டமிட்ட துணி விரித்த மேசையில் காய்களை நகர்த்திக் கணக்கிட்டனர். அதனால் கருவூலத்துக்கு 'எக்ஸ்செக்கர்' என்று பெயர் வந்தது. அப்பெயரின் சாயலால், வங்கிச் சீட்டுக்கு 'க்யூ' வரும் வடிவம் பிரிட்டனில் நிலைத்தது. அமெரிக்கர் இரண்டையும் ஒரே வடிவில் எழுதுகின்றனர்.

உறவும் பொய்யுறவும்

தலைமையைக் குறிக்கும் 'பிரின்சிபல்', கொள்கையைக் குறிக்கும் 'பிரின்சிபிள்' ஆகிய இரண்டும் முதன்மை என்னும் இலத்தீன் வேரில் கிளைத்தவை. பாராட்டைக் குறிக்கும் 'காம்ப்ளிமென்ட்', நிறைவு செய்வதைக் குறிக்கும் 'காம்ப்ளிமென்ட்' ஆகியவையும் ஒரே வேரின. பின்னது இலத்தீனிலிருந்து நேரே வந்தது. முன்னது இத்தாலியம், பிரெஞ்சு வழியாகச் சுற்றி வந்தது.

மாறாக, தீவைக் குறிக்கும் 'ஐலண்ட்', 'ஐல்' ஆகியவை உறவுடையவை போலத் தோன்றினாலும் வேர் வேறு. முன்னது பழைய ஆங்கிலச் சொல். அதில் 'எஸ்' இருந்ததே இல்லை. இலத்தீன் வேருடைய 'ஐல்' என்பதைப் பார்த்து, 16ஆம் நூற்றாண்டுக் கற்றோர் அந்த எழுத்தைத் தவறாகச் செருகினர். அத்தவறே இன்று சரியான எழுத்தாக நிற்கிறது. பாலைவனமான 'டெசர்ட்' கைவிடுதலையும், விருந்தின் இறுதியில் உண்ணும் இனிப்பான 'டிசர்ட்' மேசையைத் துப்புரவு செய்தலையும் குறித்த சொற்களிலிருந்து வந்தன. முன்னதில் ஒரு 'எஸ்', பின்னதில் இரண்டு.

இன்றைய பயன்

1806-இலும் 1828-இலும் அகராதிகள் வெளியிட்ட அமெரிக்கரான நோவா வெப்ஸ்டரும் பள்ளி ஆசிரியராக இருந்தவரே. அவர் எளிமையாக்கிய வடிவங்கள் சில நிலைத்தன, சில மறைந்தன. பெயர்ச்சொல்லான 'பிராக்டிஸ்' என்பதற்கு 'சி', வினைச்சொல்லுக்கு 'எஸ்' எனப் பிரிட்டனில் எழுதுகின்றனர். அமெரிக்காவில் இரண்டுக்கும் 'சி'யே. ஆகவே ஒரு நாட்டில் பிழையாவது மறு நாட்டில் சரியாகலாம்.

இதனால் எப்படியும் எழுதலாம் என்று ஆகிவிடாது. ஒலி உதவாத இடத்தில், எந்தப் பொருள் என்பதைப் படிப்பவருக்குச் சட்டென்று காட்டுவது எழுத்துக்கூட்டலே. மாற்றி எழுதிய சொல்லும் அகராதியில் இருப்பதால், பிழைதிருத்தும் மென்பொருள் அதைக் காணாமல் விடுவதுண்டு. எனவே இவ்வேறுபாடுகளை எழுதுபவரே அறிந்திருக்க வேண்டும். மாணவர் இவற்றைக் குழப்பிக்கொள்வது அறிவுக் குறைவைக் காட்டுவதாகாது. ஆங்கிலேயரே பல நூற்றாண்டுகள் ஒன்றாக எழுதிய சொற்கள் இவற்றில் பல. சொல்லின் வேரை ஒரு முறை சொல்லிக் கொடுத்தால், பத்து முறை எழுதிப் பார்க்கும் வேலை குறையும்.