குறும்பாதைகளின் சரித்திரமும் பழைய சஞ்சிகைகளும்

பெருநகரங்களை இணைத்த புகையிரதப் பாதைகளின் வரலாற்றை எழுத ஆசிரியர் பலர் தோன்றினர். ஒரு சுரங்கத்தையோ மர ஆலையையோ சிற்றூரையோ பெரும்பாதையுடன் இணைத்த குறும்பாதைகளுக்கு அப்பேறு அரிதாகவே வாய்த்தது. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இத்தகைய பாதைகள் நூற்றுக்கணக்கில் இருந்தன. கம்பனி முறிந்ததும் தண்டவாளங்கள் பழைய இரும்பாக விலைபோயின; வரைபடங்களும் கணக்கேடுகளும் சிதறின. அப்பாதைகள் பலவற்றின் உருவையும் அளவையும் காத்துத் தந்தவை, மாதிரிப் புகையிரதங்கள் செய்வோருக்கென வெளிவந்த பொழுதுபோக்குச் சஞ்சிகைகளாகும்.

பெரும் பொருளாதார மந்தம் நிலவிய 1934 ஆம் ஆண்டில், மில்வாக்கி நகரில் அல் கல்ம்பாக் என்பவர் 'மொடல் றெயில்றோடர்' என்னும் சஞ்சிகையைத் தொடங்கினார். குறுகிய பாதைகளுக்கும் குறும்பாதைகளுக்கும் எனத் தனிச் சஞ்சிகையொன்று 1975 இல் தோன்றிற்று. மாதிரி செய்வோர் விளையாட்டுப் பொருளுடன் அமைதியடைபவரல்லர். எச்.ஓ. என்னும் அளவுமுறையில் மெய்யான ஓரடி, மாதிரியில் மூன்றரை மில்லிமீற்றர் ஆகும். ஆகவே நிலையக் கதவின் அகலம், கூரையின் சரிவு, வண்டியின் நிறம் யாவும் அவர்க்குத் தெரிந்தாக வேண்டும். இதன் பொருட்டு அளவுநாடாவுடன் சென்று அளந்து வரைந்தவர் பலர்.

கொலராடோ மாநிலத்து 'றியோ கிராண்டே சதேர்ண்' இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு. ஒட்டோ மியர்ஸ் என்பவரின் முயற்சியால் 1891 இல் நிறைவெய்திய இப்பாதை, மூன்றடி அகலமும் ஏறத்தாழ 162 மைல் நீளமும் உடையது. 1893 இல் வெள்ளியின் விலை வீழ்ந்ததும் அதன் செல்வமும் வீழ்ந்தது. செலவைக் குறைக்க, 1931 முதல் மோட்டார் வண்டியின் உறுப்புகளைக் கொண்டு ஏழு தண்டவாள வண்டிகள் செய்யப்பட்டன. 'பாய்ந்தோடும் வாத்து' என மக்கள் அவற்றை அழைத்தனர். 1951 இல் சேவை முடிவுற்றது. பின்னர் தண்டவாளங்களும் பெயர்க்கப்பட்டன. ஆயினும் மாதிரி செய்வோரின் பக்கங்களில் அப்பாதை இன்றும் ஓடுகின்றது.

அண்மைக்காலக் கம்பனிகளுக்கும் இது பொருந்தும். பெருங் கம்பனிகள் இலாபமற்ற பாதைகளைக் கைவிடுவதை 1980 ஆம் ஆண்டுச் சட்டம் எளிதாக்கிற்று. அதன்பின் பிராந்தியக் கம்பனிகள் பல எழுந்தன. 1987 இல் தோன்றிய 'விஸ்கொன்சின் சென்றல்', 2001 இல் கனேடியன் நாஷனல் கம்பனியின் வசமாயிற்று. அதன் வண்டிகளின் நிறத்தையும் ஒழுங்கையும் அறிய விரும்புவோர் இன்று பழைய இதழ்களையே நாடுகின்றனர்.

அத்தேடல் எளிதன்று. கட்டுரையின் தலைப்பில் பாதையின் பெயர் இராது. ஒரு பாலத்தைப் பற்றிய குறிப்பிலோ, படத்தின் அடியிலோ அது மறைந்திருக்கும். ஆதலின் பொருளடைவில் பாதையின் பெயருடன் ஊரின் பெயர், இணைந்த பெரும்பாதை, இயந்திரம் செய்த கம்பனி ஆகியவற்றையும் தேடுதல் வேண்டும். கட்டுரை கிடைத்தபின் அடுத்த சில இதழ்களின் வாசகர் கடிதங்களையும் பார்த்தல் நன்று. பிழைகளுக்குத் திருத்தம் அங்கே வந்திருக்கக்கூடும்.

கிடைத்ததை ஆராய்ந்தே ஏற்றல் வேண்டும். மாதிரி செய்வோர் இடம் போதாமையால் நிலையத்தைச் சுருக்குவர், நேர்ப்பாதையை வளைப்பர். நேரில் அளந்து வரைந்த படமே சான்றாகும். அதன் பிரதியும் சுருங்கியிருக்கலாம். மூன்றடிப் பாதையின் தண்டவாள இடைவெளி எச்.ஓ. வரைபடத்தில் பத்தரை மில்லிமீற்றராக இல்லையெனில், பிற அளவுகளையும் நம்பலாகாது.

இச்சஞ்சிகைகளைச் சேர்த்து வைத்தோர் மறைந்தபின், அவை பழைய காகிதமாக எடைக்குப் போவதுண்டு. தண்டவாளத்தை மீளப் பதிக்க இயலாது. அளவையேனும் இழக்காதிருக்க, அக்கட்டுகளைக் கழிக்குமுன் ஒரு நூலகத்தாரிடமோ நூதனசாலையாரிடமோ காட்டுதல் தகும்.