பாட்டியின் பாதங்களும் டயப்பரும்: கழிப்புப் பழக்கம் தொடங்கும் வயது குறித்து ஒரு மறுவாசிப்பு

குழந்தைக்குக் கழிப்புப் பழக்கத்தை எப்போது தொடங்கலாம் என்று நகரத்தில் ஒரு குழந்தை மருத்துவரிடம் கேட்டால், ஒன்றரை வயதுக்குப் பிறகு, குழந்தை தானாகத் தயாராகும்போது என்ற பதில்தான் பெரும்பாலும் கிடைக்கும். அதே வீட்டில் பேரனைப் பார்த்துக்கொள்ளும் பாட்டி, கழுத்து நின்ற கையோடு வேலையைத் தொடங்கியிருப்பார். முன்னது அறிவியல், பின்னது வெறும் பழக்கம் என்று பிரித்துப் பார்ப்பது நமக்கு இயல்பாகிவிட்டது. அந்தப் பிரிவினை பிழையானது என்பதே இக்கட்டுரையின் வாதம். தயாராகும் வயதைக் குழந்தையின் நரம்பும் தசையும் மட்டும் முடிவு செய்வதில்லை. இடுப்பில் எதைக் கட்டுகிறோம், அதை யார் துவைக்கிறார்கள், பகலில் குழந்தையோடு யார் இருக்கிறார்கள் என்பவையும் சேர்ந்தே முடிவு செய்கின்றன.

பாட்டி என்ன செய்கிறார் என்பதை முதலில் கவனமாகப் பார்க்க வேண்டும். தாழ்ந்த மணையிலோ திண்ணை விளிம்பிலோ அமர்ந்து, இரு பாதங்களையும் சற்றே விலக்கி வைத்து, குழந்தையை அவற்றின் மேல் குந்தவைக்கிறார். குழந்தையின் முதுகு அவருடைய முழங்கால்களில் சாய்ந்திருக்கும். ஒரு கை அக்குளைத் தாங்கியிருக்கும். வாய் 'ஸ்ஸ்ஸ்' என்று ஒலிக்கும். இதை அவர் நினைத்த நேரத்தில் செய்வதில்லை. தூங்கி எழுந்ததும் செய்வார், பால் குடித்துச் சற்று நேரம் கழித்துச் செய்வார். இரைப்பை நிரம்பும்போது பெருங்குடல் அசையத் தொடங்கும் என்பது உடலியல் பாடம். அந்தப் பாடம் படிக்காமலேயே அதன் நேரக்கணக்கு அவர் கையில் இருக்கிறது. குழந்தையின் முகம் சிவப்பதையும், சட்டென்று உடல் அடங்குவதையும், கால்களை மடக்குவதையும் அவர் படித்துக்கொள்கிறார். ஒலியும் இருக்கையும் நேரமும் நாள்தோறும் ஒன்றாகச் சேரும்போது குழந்தை அவற்றோடு பழகிக்கொள்கிறது. இதைப் பயிற்சி என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது?

தயார்நிலைக் கோட்பாட்டுக்கும் ஊரும் காலமும் உண்டு. 20ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் அமெரிக்க அரசின் குழந்தை நல அலுவலகம் வெளியிட்ட கையேடுகள், முதல் வயது முடிவதற்குள் மலம் கழிக்கும் பழக்கத்தைக் கடிகார ஒழுங்கோடு கொண்டுவரச் சொல்லின. அந்த முறையில் கடுமை கலந்திருந்தது. அந்தக் கடுமைக்கு எதிர்வினையாக, மாசசூசெட்ஸில் பணிபுரிந்த குழந்தை மருத்துவர் டி. பெர்ரி பிரேசல்டன், தம்மிடம் வந்த 1,170 குழந்தைகளின் பதிவுகளை வைத்து 1962-இல் 'பீடியாட்ரிக்ஸ்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார். குழந்தையை வற்புறுத்தாமல், ஒன்றரை வயதை ஒட்டி மெதுவாகத் தொடங்கலாம் என்றார். அவர் பார்த்த குழந்தைகள் பகலில் நனைக்காத நிலையை எட்டிய சராசரி வயது 28.5 மாதம். குழந்தையை வற்புறுத்திப் பழக்கிய காலத்தை மாற்றியதில் அவருடைய பங்கை எவரும் குறைத்து மதிப்பிட முடியாது.

ஆனால் அதே சமயத்தில் இன்னொன்றும் நடந்தது. 1961-இல் புரொக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனம் பாம்பர்ஸ் டயப்பரை அமெரிக்கச் சந்தையில் சோதித்துப் பார்க்கத் தொடங்கியது. 1980-களில் டயப்பருக்குள் சோடியம் பாலிஅக்ரிலேட் வந்தது. பயன்படுத்திய டயப்பரைக் கிழித்துப் பார்த்தால் பஞ்சுக்கு நடுவே கண்ணாடிபோல் மின்னும் கூழ் தெரியும். தன் எடையைப் போலப் பல மடங்கு நீரை இழுத்து, அழுத்தினாலும் விடாமல் வைத்திருக்கும் தூள் அது. துணி நனைந்ததும் குளிரும், ஒட்டும், குழந்தை சிணுங்கும், தாய்க்குச் செய்தி போய்ச் சேரும். அந்தச் செய்தியைத்தான் இந்தத் தூள் நிறுத்திவிட்டது. துவைக்கும் சுமை குறைந்தபோது சீக்கிரம் பழக்க வேண்டிய நெருக்கடியும் குறைந்தது. காத்திருக்கலாம் என்ற மருத்துவ அறிவுரைக்கு, காத்திருப்பதை எளிதாக்கும் பொருள் துணையாக அமைந்தது. 1990-களின் இறுதியில், வளர்ந்த குழந்தைகளுக்கான பெரிய அளவு பாம்பர்ஸின் விளம்பரத்தில் பிரேசல்டனே தோன்றினார். இதை வைத்து அவருடைய நேர்மையை நான் ஐயுறவில்லை. ஒரு கோட்பாடும் ஒரு சரக்கும் ஒன்றையொன்று தாங்கி வளர்ந்தன என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை என்று மட்டும் சொல்கிறேன்.

உடல் முன்கூட்டியே ஒத்துழைக்காது என்றால் பாட்டியின் வேலை வீண்தான். சான்றுகள் அப்படிச் சொல்லவில்லை. கிழக்கு ஆப்பிரிக்காவின் டிகோ மக்களிடையே ஆய்வு செய்த டிவ்ரீஸ் இணையர் 1977-இல் அதே 'பீடியாட்ரிக்ஸ்' இதழில் எழுதினார்கள். அங்கே தாய்மார் பிறந்த சில வாரங்களிலேயே குழந்தையைக் கால்களுக்கிடையே பிடித்து, ஒலி எழுப்பிப் பழக்குகிறார்கள். ஐந்தாறு மாதத்தில் குழந்தை ஓரளவு நனைக்காமல் இருக்கப் பழகிவிடுகிறது. வியட்நாமியத் தாய்மாரும் விசில் ஒலியோடு இதைச் செய்கிறார்கள். அக்குழந்தைகளைப் பின்தொடர்ந்த ஆய்வாளர்கள், ஒன்பது மாத அளவிலேயே அவர்கள் சிறுநீர்ப்பையைப் பெரும்பாலும் மிச்சமின்றிக் காலி செய்வதைக் கண்டார்கள்.

இதற்கு எதிராக வைக்கப்படும் வலுவான சான்று, பிளம் குழுவினர் 2003-இல் அமெரிக்காவில் வெளியிட்ட ஆய்வு. 27 மாதத்துக்கு முன் தீவிரப் பயிற்சியைத் தொடங்கினாலும் பயிற்சி சீக்கிரம் முடிவதில்லை என்று அது கண்டது. முக்கியமான முடிவுதான். ஆனால் அங்கே அளக்கப்பட்டது, ஒன்றரை இரண்டு ஆண்டு டயப்பரிலேயே கழித்துப் பழகிய குழந்தையிடம் அதை விடச் சொல்லும் பயிற்சி. டயப்பரில் போகாமலே வளர்ந்த குழந்தையைப் பற்றி அந்த ஆய்வு எதையும் சொல்லவில்லை. இரண்டையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது.

இவ்வளவு சொன்ன பிறகு பழைய முறையைப் போற்றிப் பாடுவது எளிது. அதற்கு நான் உடன்படவில்லை. பிறந்த குழந்தை ஒரு நாளில் இருபது முறைவரை சிறுநீர் கழிக்கலாம். பழைய வேட்டியையும் நூல் புடவையையும் கிழித்து முக்கோணமாக மடித்துக் கட்டிய துணிகளை அலசிப் பிழிந்து கொடியில் போட்டவர்கள் பெண்களே. ஐப்பசி அடைமழையில் காயாத துணியை அடுப்பங்கரையில் விரித்தவர்களும், தண்ணீர் லாரி வராத நாளில் குடத்தைக் கணக்குப் பார்த்தவர்களும் அவர்களே. பிரசவத்துக்குத் தாய்வீடு வந்த மகளின் ஓய்வுக்கு ஈடாக அவள் அம்மாவின் முதுகு வளைந்தது. டயப்பர் அந்த முதுகை நிமிர்த்தியது. இரவிலும் பயணத்திலும் அதைப் பயன்படுத்தும் தாயைக் குறை சொல்ல எவருக்கும் உரிமையில்லை.

ஆயினும் இழப்பும் உண்டு. முதல் வாரத்தில் தாய்ப்பால் போதுமா என்பதை அறிய நம்பகமான வழி ஈரத்தைக் கவனிப்பது. ஐந்தாம் நாளுக்குப் பிறகு ஒரு நாளில் ஆறு முறையாவது நனைக்க வேண்டும். துணியில் அது ஒவ்வொரு முறையும் கைக்குத் தெரியும். தடித்த டயப்பரில் தெரிவதில்லை. நெடுநேரம் கழற்றாத டயப்பருக்குள் வெப்பமும் ஈரமும் சேர்ந்து தொடையிடுக்கில் புண் வருகிறது. கழற்றிய பின் அது யார் கைக்குப் போகிறது என்பதும் கேள்விதான். இந்தியாவின் 2016-ஆம் ஆண்டுத் திடக்கழிவு மேலாண்மை விதிகள், பயன்படுத்திய டயப்பரைப் பத்திரமாகச் சுற்றித் தனியே ஒப்படைக்கச் சொல்லின. அப்படிச் செய்யாத வீடுகளின் டயப்பரைக் கையால் பிரித்தெடுப்பவர் தூய்மைப் பணியாளர். வீட்டில் ஒரு பெண்ணின் கையிலிருந்து இறங்கிய சுமை, தெருவில் இன்னொருவர் கைக்கு, பெரும்பாலும் இன்னொரு பெண்ணின் கைக்கு, மாறியிருக்கிறது.

ஆகவே துணியா டயப்பரா என்ற கேள்வியில் ஆய்வு நின்றுவிடக் கூடாது. பகல் நேரத்தில் குழந்தையின் குறிப்பைப் படிக்கும் ஆள் யார் என்பதே கேட்க வேண்டிய கேள்வி. 2017-இல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம் 26 வார விடுப்பைக் கொண்டுவந்தது. காலில் குந்தவைக்கும் பழக்கம் வேர்பிடிக்கும் ஆறு மாதமும் ஏறக்குறைய அதுவே. விடுப்பு முடிந்து தாய் வேலைக்குப் போகும் நாளில் அந்தப் பழக்கம் அறுந்துபோகிறது. ஐம்பது பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றும், தாய் நாளுக்கு நான்கு முறை சென்று பார்க்கலாம் என்றும் அதே திருத்தம் சொன்னது. அந்தக் காப்பகத்தில் தாழ்வான கழிப்பிடமும் குழாயும், சில குழந்தைகளுக்கு ஒருவர் என்ற கணக்கில் நியாயமான சம்பளத்தோடு பணியாளரும் இருந்தால், பாட்டி தொடங்கிய பழக்கம் அங்கேயும் தொடரலாம். இல்லாவிட்டால் காப்பகம் பெற்றோரிடம் கேட்டு வாங்கும் முதல் பொருள் டயப்பர் கட்டாகவே இருக்கும். பழக்கம் மூன்று வயதுவரை தள்ளிப்போகும். அந்தத் தாமதத்தைக் குழந்தையின் தயார்நிலை என்று நாம் பதிவு செய்துகொண்டிருப்போம்.