சென்னை மாரத்தான்

சென்னை மாரத்தான் என்பது தமிழ்நாட்டின் தலைநகரான சென்னையில் ஆண்டுதோறும் சனவரி மாதத்தில் நடைபெறும் நெடுந்தொலைவு ஓட்டப் போட்டியாகும். 2006 இல் உருவான சென்னை ரன்னர்ஸ் என்னும் ஓட்டக் குழு இதனை நடத்துகின்றது. முழு மாரத்தான் (42.195 கி.மீ.), 20 மைல், அரை மாரத்தான், 10 கி.மீ. ஆகிய பிரிவுகள் உள்ளதால், தேர்ந்த வீரர்களுடன் முதன்முறை ஓடுவோரும் பங்கேற்கின்றனர்.

சென்னையில் மார்கழி மாதத்திலும் காற்றில் ஈரப்பதம் மிகுதி. வியர்வை எளிதில் ஆவியாகாததால் உடல்வெப்பம் தணிவதில்லை. எனவே முழு மாரத்தான் நேப்பியர் பாலத்தருகே விடியுமுன் 4 மணியளவில் தொடங்கப்பட்டு வருகின்றது. மூன்று மணி நேரத்தில் முடிப்போருக்கு வெயில் பெரிய தடையன்று. ஆறு மணி நேரம் ஓடுவோரோ இறுதிப் பகுதியைக் காலை 10 மணி வெயிலில் கடக்கின்றனர். ஆகவே இவ்வேற்பாடு மெதுவாக ஓடுவோருக்கே மிகவும் தேவையானது. இவர்கள் வழியெங்கும் தண்ணீரை மட்டுமே அளவுக்கு மீறிக் குடித்தால், இரத்தத்தில் சோடியம் குறைந்து உயிராபத்தும் நேரலாம்.