ஐரோப்பா டூர்: ஏப்ரல்-மே நல்லதா, செப்டம்பர்-அக்டோபர் நல்லதா? அட்வான்ஸ் கட்டும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

ஒரே ஏஜென்சி, ஒரே பிரவுச்சர், அதே நாடுகள். ஆனால் ஏப்ரலில் கிளம்பும் குழு பார்த்துவிட்டு வரும் ஐரோப்பா வேறு. அக்டோபரில் கிளம்பும் குழு பார்க்கும் ஐரோப்பா வேறு. பிரவுச்சர் அட்டையில் டியூலிப் தோட்டம் பளிச்சென்று இருக்கும். அக்டோபரில் போகிறவருக்கு அந்தத் தோட்டத்தின் கேட் பூட்டியிருக்கும்.

ஐரோப்பா டூர் என்பது பல குடும்பங்களுக்கு வாழ்நாளில் ஒரே ஒருமுறை போகும் பயணம். பல வருடச் சேமிப்பைப் போட்டு, வயதான அம்மா அப்பாவையும் அழைத்துக்கொண்டு போகிறவர்கள் அதிகம். தேதி தப்பாகிவிட்டால், "அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்று சொல்ல முடியாது. எந்த சீசனில் என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது? விரிவாகப் பார்க்கலாம்.

ஏன் இந்த இரண்டு சீசன்கள்?

ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் ஐரோப்பியர்களுக்கே விடுமுறை. ரோம், பாரிஸ், பார்சிலோனா என எங்கு போனாலும் வரிசை. சமீப வருடங்களில் வெயிலும் கடுமை. இத்தாலி, ஸ்பெயினில் வெப்ப அலை வந்தால் 40 டிகிரியை எட்டுகிறது. டிசம்பர், ஜனவரியில் குளிர் ஒருபுறம் இருக்க, பகல் வெளிச்சமே பாரிஸில் சீக்கிரம் முடிந்துவிடும்.

இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தைத்தான் சுற்றுலாத் துறையில் 'ஷோல்டர் சீசன்' என்கிறார்கள். வசந்த காலம் ஒன்று, இலையுதிர் காலம் இன்னொன்று.

காலண்டரை நம்பலாமா?

முழுசாக நம்ப முடியாது. மார்ச் மாதம் பேருக்குத்தான் வசந்தம். பாரிஸில் மார்ச் மாத சராசரி அதிகபட்ச வெப்பநிலை 12 டிகிரி அளவுதான். மரங்கள் பெரும்பாலும் மொட்டையாகவே நிற்கும். அதேபோல நவம்பரும் பேருக்குத்தான் இலையுதிர் காலம். இலைகள் பெரும்பாலும் உதிர்ந்து முடிந்து, மழையும் இருட்டும் மிச்சமிருக்கும்.

குரூப் டூருக்கு உண்மையில் பயன்படும் காலம் இரண்டுதான். ஒன்று, ஏப்ரல் நடுப்பகுதி முதல் மே இறுதி வரை. இன்னொன்று, செப்டம்பர் நடுப்பகுதி முதல் அக்டோபர் நடுப்பகுதி வரை. குளிரில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பாரிஸில் ஏப்ரல், அக்டோபர் இரண்டிலும் பகல் நேர வெப்பநிலை 16 டிகிரியை ஒட்டியும், மே, செப்டம்பரில் 20 டிகிரியை ஒட்டியும் இருக்கும். சென்னை வெயிலுக்குப் பழகிய உடம்புக்கு இரண்டிலுமே ஸ்வெட்டர் வேண்டும்.

வசந்தத்தில் மட்டும் கிடைப்பவை

முதலாவது, டியூலிப். நெதர்லாந்தின் லிஸ்ஸே ஊரில் உள்ள கோய்கன்ஹாஃப் தோட்டம் 32 ஹெக்டேர் பரப்பளவு கொண்டது. ஒவ்வொரு வருடமும் சுமார் 70 லட்சம் பூக்கிழங்குகளை இலையுதிர் காலத்தில் மண்ணில் புதைக்கிறார்கள். தோட்டம் திறந்திருப்பது மார்ச் நடுப்பகுதி முதல் மே நடுப்பகுதி வரை, சுமார் 8 வாரங்கள் மட்டுமே. பொதுவாக ஏப்ரல் நடுவில்தான் பூக்கள் உச்சத்தில் இருக்கும். மே கடைசியில் கிளம்பும் குழுவுக்கும் இந்தத் தோட்டம் கிடைக்காது. 'வசந்த கால டூர்' என்ற பேரை மட்டும் பார்த்துப் பணம் கட்டுகிறவர்கள் ஏமாறும் இடம் இதுதான்.

இரண்டாவது, நீண்ட பகல். மே நடுப்பகுதியில் பாரிஸில் சூரியன் மறைய இரவு 9.20 மணிக்கு மேல் ஆகும். மொத்தம் 15 மணி நேரத்துக்கு மேல் வெளிச்சம். ஒரு நாளில் இரண்டு ஊர் பார்க்கும் குரூப் டூருக்கு இது பெரிய வசதி.

மூன்றாவது, அருவிகள். ஆல்ப்ஸ் மலையில் பனி உருகி இறங்குவது மே, ஜூனில்தான். சுவிட்சர்லாந்தின் ரைன் அருவி, லாவ்டர்புருன்னன் பள்ளத்தாக்கில் 297 மீட்டர் உயரத்திலிருந்து விழும் ஷ்டவுபாக் அருவி எல்லாம் அப்போது முழு வேகத்தில் இருக்கும். இலையுதிர் காலத்தில் தண்ணீர் குறைந்துவிடும். ஆடியில் பொங்கும் குற்றாலத்தைப் பார்த்தவர்களுக்கு இந்த வித்தியாசம் சொல்லாமலே புரியும்.

வசந்தத்தில் என்ன சிக்கல்?

ஈஸ்டர்: தேதி வருடா வருடம் மாறும். 2026ல் ஏப்ரல் 5, 2027ல் மார்ச் 28, 2028ல் ஏப்ரல் 16. அந்த வாரம் ரோம், வத்திக்கானில் கூட்டம் அலைமோதும். ஈஸ்டருக்கு மறுநாள் திங்கட்கிழமையும் பல நாடுகளில் விடுமுறை.

மே 1: தொழிலாளர் தினம். பாரிஸின் லூவர் அருங்காட்சியகம் அன்று மூடியிருக்கும். வாராவாரம் செவ்வாய்க்கிழமையும் அதற்கு விடுமுறை.

ஏப்ரல் 27: நெதர்லாந்தில் மன்னர் தினம். ஆம்ஸ்டர்டாம் முழுக்க ஆரஞ்சு நிறக் கொண்டாட்டம். பார்க்க ஜோர்தான். ஆனால் பஸ்ஸில் வரும் குழுவுக்கு ஊருக்குள் நுழைவதே பாடாகிவிடும்.

மலைப் பாதைகள்: சுவிட்சர்லாந்தின் ஃபுர்கா, கிரிம்செல் போன்ற உயரமான சாலைகள் பனியால் மூடப்பட்டு, பொதுவாக ஜூன் மாதத்தை ஒட்டித்தான் திறக்கும். பனிச்சறுக்கு சீசன் முடிந்ததும் ஏப்ரல், மே மாதங்களில் பல கேபிள் கார்களைப் பராமரிப்புக்காக நிறுத்துவார்கள். 3,454 மீட்டர் உயரத்தில் உள்ள யுங்ஃப்ரவ்யோக் ரயில் நிலையம் ஆண்டு முழுவதும் இயங்கும் என்பதால் அங்கே பனி பார்க்கும் வாய்ப்பு இரண்டு சீசனிலும் உண்டு.

மகரந்தம்: ஏப்ரல், மே மாதங்களில் மத்திய, வடக்கு ஐரோப்பாவில் காற்றில் மகரந்தத் தூள் அதிகம். வீசிங், தும்மல் தொல்லை உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்டு மருந்தோடு போவது நல்லது.

இலையுதிர் காலத்தில் மட்டும் கிடைப்பவை

மரங்கள் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என நிறம் மாறுவது அக்டோபரில். ஆல்ப்ஸில் லார்ச் மரங்கள் தங்க நிறத்துக்கு வரும். பிரான்ஸ், இத்தாலியின் திராட்சைத் தோட்டங்களில் அறுவடை நடப்பது பெரும்பாலும் செப்டம்பரில்.

ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து, தெற்கு ஜெர்மனியில் கோடையெல்லாம் மலை மேல் மேய்ந்த மாடுகளைச் செப்டம்பரில் கீழே ஓட்டி வருவார்கள். பெரிய மணிகளும் பூக்கிரீடமும் கட்டி ஊர்வலமாக வரும் அந்தக் காட்சி, நம்ம ஊர் மாட்டுப் பொங்கலை நினைவுபடுத்தும்.

கடலும் இலையுதிர் காலத்துக்குத்தான் சாதகம். தண்ணீர் மெதுவாகச் சூடாகி மெதுவாகத்தான் ஆறும். கோடை வெப்பத்தை வைத்திருக்கும் கிரேக்கக் கடல், செப்டம்பரில் 23 டிகிரியை ஒட்டி இருக்கும். ஏப்ரலில் அதே கடல் 16 டிகிரிதான். கால் வைத்தாலே சில்லிடும்.

வட துருவ ஒளி பார்க்கும் ஆசை இருந்தால் வசந்தத்தின் கடைசியில் போய்ப் பயனில்லை. வடக்கு நார்வேயில் மே மாதம் இரவே இருட்டாது. செப்டம்பர் முதல்தான் நல்ல வாய்ப்பு.

பலரும் யோசிக்காத இன்னொரு விஷயம், ஈஃபிள் கோபுரம். இருட்டிய பிறகு ஒவ்வொரு மணி நேரத் தொடக்கத்திலும் 5 நிமிடம் கோபுரம் மின்னும். மே கடைசியில் இதைப் பார்க்க இரவு 10 மணி வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் பல குழுக்கள் சாப்பிட்டு ஹோட்டலுக்குத் திரும்பிவிடும். அக்டோபர் நடுவில் இரவு 8 மணிக்கே பார்த்துவிடலாம்.

இலையுதிர் காலத்தில் என்ன சிக்கல்?

முதல் எதிரி, இருட்டு. அக்டோபர் நடுவில் பாரிஸில் காலை 8 மணிக்குத்தான் சூரியன் உதிக்கும். பகல் 11 மணி நேரம்கூட இல்லை. அக்டோபர் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்புவார்கள். அதற்குப் பிறகு மாலை 5.40க்கே சூரியன் மறைந்துவிடும்.

குரூப் டூரில் இது ஏன் முக்கியம்? ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி பஸ் டிரைவர் ஒரு நாளைக்குப் பொதுவாக 9 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது. நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிட ஓய்வு கட்டாயம். "கொஞ்சம் வேகமா போங்க" என்று சொல்லி நேரத்தைப் பிடிக்க முடியாது. நீண்ட பயணம் உள்ள நாளில், இருக்கும் வெளிச்சத்தில் பாதி பஸ்ஸுக்குள்ளேயே போய்விடும்.

அடுத்தது மழை. ரோம், வெனிஸ் பக்கம் அக்டோபர், நவம்பரில் மழை அதிகம். வெனிஸில் கடல் நீர் ஊருக்குள் ஏறுவதும் பெரும்பாலும் இலையுதிர், குளிர் காலங்களில்தான். 2019 நவம்பரில் அங்கே நீர்மட்டம் 187 செ.மீ.யைத் தொட்டது. 2020 அக்டோபர் முதல் மோசே என்ற கடல் தடுப்பு பயன்பாட்டில் இருப்பதால், இப்போது பாதிப்பு குறைந்திருக்கிறது.

மூன்றாவது, அக்டோபர்ஃபெஸ்ட். ஜெர்மனியின் மியூனிக் நகரில் செப்டம்பர் மூன்றாவது வாரத்தில் தொடங்கி அக்டோபர் முதல் வாரம் வரை நடக்கும் இந்தத் திருவிழா நாட்களில் அங்கே ஹோட்டல் அறை கிடைப்பதும் கஷ்டம், விலையும் அதிகம்.

செலவு எதில் குறையும்?

இங்கேதான் இந்தியப் பயணிகளுக்கான கணக்கு மாறுகிறது. ஐரோப்பியர்களுக்கு மே மாதம் ஷோல்டர் சீசன். நமக்கு அது பள்ளி விடுமுறை. அதாவது உச்ச சீசன். விமான டிக்கெட், விசா அப்பாயின்ட்மென்ட், குரூப் டூர் சீட் எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் அடிதடி. ஐரோப்பாவில் கூட்டம் குறைவு என்று நினைத்துப் போனால், நம்ம ஊர்க் கூட்டத்தோடுதான் மலை ஏற வேண்டியிருக்கும்.

செப்டம்பர், அக்டோபரில் இந்த நெரிசல் குறையும். ஆனால் செப்டம்பரில் பெரிய நகரங்களில் வர்த்தகக் கண்காட்சிகள், அலுவலகக் கூட்டங்கள் என்று ஹோட்டல் விலை இறங்காது. அக்டோபரில்தான் கொஞ்சம் இறங்கும்.

வெனிஸுக்கு இன்னொரு கணக்கு. அந்த நகராட்சி எல்லைக்குள் தங்காமல், காலையில் வந்து மாலையில் திரும்புகிறவர்களிடம் 2024 முதல் நுழைவுக் கட்டணம் வசூலிக்கிறார்கள். 2024, 2025 இரண்டு வருடங்களிலும் அது ஏப்ரல் முதல் ஜூலை வரையிலான குறிப்பிட்ட நாட்களுக்கு மட்டுமே இருந்தது. இலையுதிர் காலத்தில் கட்டணம் இல்லை.

விசாவுக்கு எப்போது விண்ணப்பிப்பது?

29 நாடுகளுக்குச் செல்லுபடியாகும் ஷெங்கன் விசாவுக்குப் பயணத் தேதிக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாட்களுக்கு முன் விண்ணப்பித்திருக்க வேண்டும். பரிசீலனைக்கு வழக்கமாக 15 நாட்கள். சில நேரம் 45 நாட்கள் வரை நீளலாம். 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. விசா மறுக்கப்பட்டாலும் இந்தப் பணம் திரும்ப வராது. குறைந்தது 30,000 யூரோவுக்கான பயண மருத்துவக் காப்பீடும் அவசியம்.

ஏப்ரல் இறுதியில் பயணம் என்றால் நவம்பர், டிசம்பரிலேயே வேலையைத் தொடங்குவது நல்லது. செப்டம்பர் பயணத்துக்கு ஏப்ரல், மே. பிரிட்டனும் பட்டியலில் இருந்தால் அதற்குத் தனி விசா.

யாருக்கு எது சரி?

பள்ளிக் குழந்தைகள் உள்ள குடும்பம்: ஏப்ரல் கடைசி, மே. டியூலிப் முக்கியம் என்றால் மே முதல் வாரத்துக்குள் நெதர்லாந்து முடிந்துவிட வேண்டும்.

வயதான பெற்றோர்: செப்டம்பர் இரண்டாம் பாதி. பகல் இன்னும் 12 மணி நேரம் இருக்கும், விடுமுறை நெரிசல் குறைவு, மலைச் சாலைகளும் திறந்திருக்கும்.

சுவிட்சர்லாந்துதான் கனவு என்றால்: பனிச் சிகரமும் பொங்கும் அருவியும் வேண்டுமா, மே இறுதி. பச்சைப் புல்வெளியும் தெளிந்த மலைப் பாதையும் வேண்டுமா, செப்டம்பர்.

இத்தாலி, கிரேக்கம்: செப்டம்பர் கடைசி, அக்டோபர் தொடக்கம்.

பிரான்ஸின் லாவெண்டர் வயல்: இரண்டு சீசனுமே சரிப்படாது. அது பூப்பது ஜூன் நடுப்பகுதி முதல் ஜூலை வரை.

அட்வான்ஸ் கட்டும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்

1. பிரவுச்சரில் உள்ள ஒவ்வொரு இடமும் நாங்கள் போகும் தேதியில் திறந்திருக்குமா? மூடியிருந்தால் பதிலுக்கு என்ன காட்டுவீர்கள்?

2. கேபிள் கார் பராமரிப்பில் இருந்தால் மாற்று மலை எது? பணம் திரும்ப வருமா?

3. எந்தெந்த நாளில் பஸ் பயணம் 5 மணி நேரத்தைத் தாண்டும்?

4. ஈஃபிள் கோபுரத்தைப் பார்ப்பது பகலிலா, இரவிலா?

5. விசா கிடைக்காவிட்டால் எவ்வளவு பிடித்துக்கொள்வீர்கள்?

பதிலை வாய்மொழியாக வாங்கிக்கொண்டு வந்துவிடக் கூடாது. மெயிலிலோ வாட்ஸ்அப்பிலோ எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. எதைப் பார்த்தே ஆக வேண்டும் என்று முதலில் வீட்டில் உட்கார்ந்து ஒரு பட்டியல் போடுங்கள். பட்டியலின் முதல் வரி டியூலிப்பா, திராட்சைத் தோட்டமா, அம்மாவுக்கு நெரிசல் இல்லாத வரிசையா என்று முடிவானால், மாதமும் தானாக முடிவாகிவிடும்.