வீட்டு மீன் தொட்டி: மீனை வாங்கும் முன் தண்ணீரைத் தயார் செய்யுங்கள்

ஈப்போ வட்டார இரவுச் சந்தைகளில் பிளாஸ்டிக் பைகளில் நீந்தும் கப்பி, தங்கமீன், சண்டை மீன் ஆகியவற்றைப் பார்க்கும் பிள்ளைகள் எளிதில் நகர்வதில்லை. சில வெள்ளிக்கு மீனும் கூடவே ஒரு கண்ணாடித் தொட்டியும் அன்றிரவே வீடு வந்து சேர்கின்றன. ஆனால், ஒரு வாரம் பத்து நாளில் மீன்கள் ஒவ்வொன்றாக மிதக்கத் தொடங்கும். 'நம் வீட்டுக்கு மீன் ராசியில்லை' என்று சொல்லித் தொட்டியைப் பின்கட்டில் கவிழ்த்து வைத்துவிடுவார்கள்.

இதற்கு ராசி காரணமல்ல. பெரும்பாலும் நோயும் காரணமல்ல. புதுத் தொட்டியில் மீனைக் கொல்வது அதன் சொந்தக் கழிவுதான். இதைப் புரிந்துகொண்டால் மீன் தொட்டியில் வரும் சிக்கல்களில் பாதி தீர்ந்துவிடும்.

அல்லூர் வேறு, தொட்டி வேறு

ரப்பர் தோட்டங்களில் வளர்ந்தவர்கள் அல்லூரில் சண்டை மீனும் செப்பாட் மீனும் பிடித்து, போத்தலில் போட்டு நாள்கணக்கில் வைத்திருப்பார்கள். 'அப்போது பம்ப் ஏது, ஃபில்டர் ஏது?' என்று இன்றும் பெரியவர்கள் கேட்பதுண்டு. சண்டை மீன், செப்பாட், பூயூ போன்றவற்றுக்குச் செவுள் தவிர, மேற்பரப்புக்கு வந்து காற்றையே சுவாசிக்க உதவும் தனி உறுப்பு இருக்கிறது. அதனால்தான் அவை சேற்றுக் குட்டையிலும் போத்தலிலும் தாக்குப்பிடிக்கின்றன. தங்கமீனுக்கோ கப்பிக்கோ அந்த வசதி கிடையாது.

மேலும், அல்லூர் நீர் ஓடிக்கொண்டே இருப்பதால் கழிவும் அதோடு போய்விடும். தொட்டியில் அது தேங்கி நிற்கிறது. காற்றைச் சுவாசிக்கும் சண்டை மீனைக்கூட அழுக்கு நீர் நாளடைவில் நோயாளியாக்கிவிடும். அதற்கும் குறைந்தது 10 லிட்டர் நீர் இருப்பது நல்லது.

தண்ணீர் பழகுவது எப்படி?

மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. இது மீனுக்கு நஞ்சு. ஃபில்டர் பஞ்சிலும் கற்களிலும் வளரும் ஒருவகை நுண்ணுயிர் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். அதுவும் நஞ்சுதான். வேறொரு வகை நுண்ணுயிர் நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட் அளவோடு இருந்தால் பெரிய தீங்கில்லை. வாரந்தோறும் நீர் மாற்றினால் குறைந்துவிடும்.

இந்த நுண்ணுயிர்கள் போதுமான அளவு பெருக 4 முதல் 6 வாரங்கள் ஆகலாம். எனவே, தொட்டியை வைத்து, ஃபில்டரை ஓடவிட்டு, மீன் இல்லாமலே தினமும் ஒரு சிட்டிகை மீன் தீனியைப் போட்டு வர வேண்டும். மீன் கடைகளில் விற்கும் சோதனைக் குப்பியில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் எழுந்து, பின்னர் இரண்டும் பூஜ்யத்திற்கு இறங்கினால் தண்ணீர் தயார். நோயில்லாத பழைய தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் பயன்படுத்திய பஞ்சில் ஒரு துண்டு வாங்கி ஃபில்டரில் வைத்தால் காத்திருக்கும் காலம் வெகுவாகக் குறையும்.

மீனை ஏற்கெனவே வாங்கிவிட்டால், மிகக் குறைவாகத் தீனி கொடுத்து, இரண்டு நாளுக்கு ஒருமுறை கால்வாசி நீரை மாற்றி அந்த வாரங்களைக் கடத்த வேண்டும்.

குழாய் நீரும் கிணற்று நீரும்

குழாய் நீரில் கிருமியைக் கொல்லக் குளோரின் சேர்க்கப்படுகிறது. அது மீனின் செவுளையும் எரிக்கும், ஃபில்டரில் வளர்ந்த நல்ல நுண்ணுயிரையும் அழிக்கும். நீரை வாளியில் ஒருநாள் திறந்து வைத்தால் குளோரின் பெரும்பாலும் வெளியேறிவிடும். ஆனால், குளோரமின் கலந்த நீரில் இந்த வழி பலிக்காது. கடையில் 'ஆண்டி குளோரின்' என்று கேட்டு வாங்கி, குறிப்பிட்ட அளவு கலப்பதே பாதுகாப்பானது.

பழைய தோட்டக் குடியிருப்புகளில் கிணற்று நீரைப் பயன்படுத்துவோருக்குக் குளோரின் தொல்லை இல்லை. ஆனால், அந்த நீரில் உயிர்க்காற்று குறைவாகவும் இரும்பு கூடுதலாகவும் இருக்கலாம். ஒருநாள் வாளியில் காற்று பம்ப் ஓடவிட்டு, அடியில் படியும் துருவை விட்டுவிட்டு மேல் நீரை எடுக்கலாம்.

ஈப்போ கல்லைத் தொட்டியில் போடலாமா?

ஈப்போவைச் சுற்றிலும் சுண்ணாம்புக் குன்றுகள். குனோங் ராப்பாட், சிம்பாங் பூலாய் பக்கம் கிடைக்கும் வெள்ளைக் கல்லும் பளிங்குச் சில்லும் தொட்டிக்கு அழகாகத் தெரியும். ஆனால், சுண்ணாம்புக் கல் மெல்லக் கரைந்து நீரைக் கடினமாக்கும். காரத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவையும் ஏற்றும். இதில் ஒரு மறைமுக ஆபத்து உண்டு. நம் நாட்டு வெப்பநிலையில் பி.எச். 7இலிருந்து 8க்கு ஏறினால், அதே அளவு அம்மோனியாவின் நச்சுப் பகுதி ஏறக்குறைய பத்து மடங்காகிறது.

கல்லின் மேல் சில துளி வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்தால் அது சுண்ணாம்புக் கல். கப்பி அத்தகைய நீரைத் தாங்கும். நியோன் டெட்ரா போன்ற மென்னீர் மீன்களுக்கு அது ஆகாது. சண்டை மீனும் மென்மையான நீரையே விரும்பும்; அதன் தொட்டியில் காய்ந்த கெத்தாபாங் இலை ஒன்றைப் போடும் பழக்கம் இங்கு நெடுநாளாக உள்ளது.

எத்தனை மீன்?

தொட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 1,000ஆல் வகுத்தால் லிட்டர் கிடைக்கும். 60 x 30 x 30 அளவுள்ள தொட்டி 54 லிட்டர் கொள்ளும். தண்ணீர் மட்டுமே 54 கிலோ என்பதால் மேசை உறுதியாக இருக்க வேண்டும். இந்தத் தொட்டிக்கு முதலில் நான்கு கப்பி போதும். பிறகு எட்டு பத்து வரை போகலாம். ஓர் ஆணுக்கு இரண்டு மூன்று பெண் மீன்கள் இருக்கட்டும். கப்பி ஏறக்குறைய மாதம் ஒருமுறை குட்டி போடும் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும். தங்கமீன் பெரிதாக வளரும், கழிவும் அதிகம். இந்த அளவு தொட்டி அதற்குப் பற்றாது.

புதிய மீனை இரண்டு வாரம் தனித் தொட்டியில் வைத்துப் பார்ப்பது நல்லது. பையைத் தொட்டி நீரில் 15 நிமிடம் மிதக்கவிட்டு, சிறிது சிறிதாகத் தொட்டி நீரைப் பைக்குள் ஊற்றி, பிறகு மீனை மட்டும் வலையால் எடுத்துவிட வேண்டும். பை நீரைத் தொட்டியில் கொட்டக்கூடாது.

அடிக்கடி வரும் சிக்கல்கள்

மீன் மேலே வந்து வாயைத் திறக்கிறது: நீரில் உயிர்க்காற்று குறைந்துள்ளது அல்லது அம்மோனியா, நைட்ரைட் கூடியுள்ளது. உடனே மூன்றில் ஒரு பங்கு நீரை மாற்றி, காற்று பம்பைக் கூட்டி, அன்றைக்குத் தீனியை நிறுத்த வேண்டும். நைட்ரைட் என்று தெரிந்தால் லிட்டருக்கு 1 கிராம் உப்பு கரைத்து விடுவது அதன் தாக்கத்தைக் குறைக்கும்.

நீர் பால்போல் கலங்குகிறது: புதுத் தொட்டியில் இது நுண்ணுயிர்ப் பெருக்கம். தீனியைக் குறைத்தால் சில நாளில் தானாகத் தெளியும். முழு நீரையும் கொட்டி மாற்றினால் எல்லாம் மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

நீர் பச்சையாகிறது: வெயிலும் மிஞ்சிய தீனியும் காரணம். தொட்டியைச் சன்னலோரத்திலிருந்து நகர்த்தி, விளக்கை நாளுக்கு 6 முதல் 8 மணி நேரத்தோடு நிறுத்த வேண்டும்.

உடலில் உப்புத்தூள் போன்ற வெள்ளைப் புள்ளிகள்: இது வெண்புள்ளி நோய். உடலில் ஒட்டியிருக்கும் கிருமியை மருந்து தொடாது. அது உதிர்ந்து நீரில் நீந்தும்போதுதான் சாகும். ஆகவே, புள்ளி மறைந்தவுடன் மருந்தை நிறுத்தாமல் மேலும் ஒரு வாரமாவது தொடர வேண்டும். மருந்து போடும்போது ஃபில்டரில் கரி இருந்தால் எடுத்துவிட வேண்டும்; இல்லையேல் அது மருந்தை உறிஞ்சிவிடும்.

ஃபில்டரைக் கழுவியபின் மீன் சாகிறது: பஞ்சைக் குழாய் நீரில் கழுவியதால் நல்ல நுண்ணுயிர்கள் அழிந்திருக்கும். தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலசிப் பிழிந்தால் போதும்.

தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது மூன்று நான்கு நாள் தீனி இல்லாவிட்டால் நலமான பெரிய மீன்களுக்கு ஒன்றும் ஆகாது. பக்கத்து வீட்டார் அன்போடு அள்ளிப் போடும் தீனிதான் ஆபத்து. வழக்கமான நாள்களிலும் இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவே போதும்.

கொசுப் புகை அடிக்கும் நாளில்

டிங்கி பரவும் தாமான்களில் புகை அடிக்க வருவார்கள். அந்தப் புகைமருந்துகளிலும் கொசு ஸ்பிரேயிலும் பொதுவாக இருக்கும் பைரெத்திராய்டு வகை மருந்து, மனிதரைவிட மீனுக்குப் பன்மடங்கு கொடியது. அறிவிப்பு வந்ததும் தொட்டியைப் பிளாஸ்டிக் விரிப்பால் இறுக மூடி, காற்று பம்பை நிறுத்திவிட வேண்டும். அறைக் காற்றை இழுத்து நீருக்குள் செலுத்துவது அந்தப் பம்ப்தான். நீருக்குள் இயங்கும் ஃபில்டர் ஓடலாம். புகை அடங்கியதும் சன்னல்களைத் திறந்து, காற்று மாறியபின் விரிப்பை எடுத்து, பம்பை மீண்டும் போட வேண்டும்.

மீன் இல்லாத பழைய தொட்டியில் மழைநீர் தேங்கினால் அது ஏடிஸ் கொசுவுக்கு வீடாகிவிடும். 1975ஆம் ஆண்டு நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டத்தின்படி அது குற்றம்.

வேண்டாத மீனை ஆற்றில் விடாதீர்

1990களில் மலேசியாவில் கலப்பினமாகப் பெருகிய ஃபிளவர்ஹார்ன் மீன் ஒரு காலத்தில் பெரும் மோகமாக இருந்தது. மோகம் தணிந்ததும் பலர் அதை ஆற்றிலும் குட்டையிலும் விட்டனர். தொட்டியைச் சுத்தம் செய்ய வாங்கிய 'பண்டாராயா' மீனும் ஓரடிக்கு மேல் வளர்ந்தபின் அப்படியே கொட்டப்படுகிறது. பேராக் ஈயக்குட்டைகளில் தென் அமெரிக்காவின் பீக்காக் பாஸ் இன்று பெருகிக் கிடக்கிறது. இவை நாட்டு மீன்களின் முட்டையையும் குஞ்சையும் இரையையும் பறித்துக்கொள்கின்றன.

இதே பேராக்கில்தான், கிரியான் நெல்வயல்களுக்காக 1906இல் அமைந்த புக்கிட் மேரா ஏரி தங்கக் கெலிசாவுக்குப் பெயர்பெற்றது. அரோவானா என்று உலகம் அறிந்த இந்த மீன், அழியும் நிலையிலுள்ள உயிரினங்களுக்கான சைட்டீஸ் உடன்படிக்கையின் முதல் பட்டியலில் உள்ளது; காட்டு மீனின் அனைத்துலக வாணிபத்திற்குத் தடை உண்டு. ஆண் மீன் தன் வாய்க்குள் குஞ்சுகளை வைத்துக் காக்கும் அரிய இனம் இது. இத்தகைய நாட்டு மீன்கள் வாழும் நீரில் வெளிநாட்டு மீனையும் அதன் நோயையும் கொண்டுபோய்ச் சேர்ப்பது ஒரு வாளியால் முடிகிற காரியம்.

வளர்க்க முடியாத மீனைக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுக்கலாம்; தொட்டி வைத்திருக்கும் நண்பருக்குத் தரலாம். வாங்கும் முன்பே 'இது எவ்வளவு பெரிதாகும்?' என்று கடையில் கேட்டுவிட்டால் அந்தச் சங்கடமே வராது.