பதிவேட்டில் ஏறாத பெயர்கள்

சம்பளச் சீட்டில் 'பி.எஃப். பிடித்தம்' என்று ஒரு வரி இருப்பது நமக்கெல்லாம் பழகிப்போன விஷயம். ஆனால் அந்த வரி எல்லோருக்கும் சுலபமாகக் கிடைத்துவிடவில்லை.

1951 நவம்பர் 15 அன்று அவசரச் சட்டமாக வந்த வருங்கால வைப்பு நிதி, 1952-இல் முழுச் சட்டமானது. முதலில் சிமெண்ட், சிகரெட், எஞ்சினியரிங், இரும்பு எஃகு, காகிதம், ஜவுளி என ஆறே தொழில்கள். அதிலும் 50 பேராவது வேலை செய்யும் ஆலைகள் மட்டும். தொழிலாளி ரூபாய்க்கு ஓர் அணா கட்டினால் முதலாளியும் ஓர் அணா கட்ட வேண்டும். நூற்றுக்கு ஆறேகால் என்பது அந்தக் கணக்குதான். தொழிலாளி கேட்டாலும் கேட்காவிட்டாலும் அவரைச் சேர்ப்பது முதலாளியின் கடமை.

கடமை என்றால் நழுவவும் வழி தேடுவார்கள். 50 என்ற வரம்பு 1960-இல் 20 ஆகக் குறைந்ததும், 19 பேரை மட்டும் கணக்கில் காட்டுவது சிலருக்கு வழக்கமானது. ஒரே நிறுவனத்தின் கிளைகளைத் தனித்தனியாகக் காட்டித் தப்ப முடியாதபடி, எல்லாக் கிளைகளும் சேர்ந்து ஒரே நிறுவனம் என்று சட்டம் சொன்னது. காண்டிராக்டர் மூலம் வந்தவரும் தொழிலாளிதான் என்றது. புது நிறுவனங்களுக்கு முதல் சில ஆண்டுகள் இருந்த விலக்கு 1997-இல் நீக்கப்பட்டது.

சம்பளத்தில் பிடித்துவிட்டுக் கட்டாமல் இருப்பது இன்னும் மோசம். 1973-இல் வந்த திருத்தம் அதை நம்பிக்கை மோசடிக் குற்றமாகவே ஆக்கியது.

நம் திருநெல்வேலிப் பக்கத்துப் பெண்களுக்கு நெருக்கமான வழக்கு ஒன்று உண்டு. பீடித் தொழிலுக்கு பி.எஃப். 1977-இல் வந்தது. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பீடி சுற்றுபவர்கள் எங்கள் தொழிலாளிகளே அல்லர் என்று முதலாளிகள் வாதாடினார்கள். 1985-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. சரியில்லாத பீடியைக் கழித்துத் தள்ளும் உரிமை முதலாளியிடம் இருக்கிறது. அதுவே அவருடைய கட்டுப்பாட்டைக் காட்டுகிறது என்றது. வீட்டில் இருந்து செய்யும் வேலையும் வேலைதான் என்று ஆயிற்று.

1995 நவம்பரில் ஓய்வூதியத் திட்டம் வந்தபின் பதிவேட்டின் மதிப்பு இன்னும் கூடியது. மாதா மாதம் பென்ஷன் பெறக் குறைந்தது 10 ஆண்டு சேவை வேண்டும். 15 ஆண்டு உழைத்தவருக்கு 8 ஆண்டுதான் பதிவில் இருந்தால், மீதி 7 ஆண்டையும் தாம் உழைத்ததாக அவரே நிரூபிக்க வேண்டியதாகிவிடும். முதுமையில் பழைய ரசீதுக்கும் சம்பளச் சீட்டுக்கும் எங்கே போவார்?

சட்டத்தின் ஒவ்வொரு திருத்தத்துக்குப் பின்னாலும் இப்படி விடுபட்ட பெயர்கள் இருக்கின்றன. வேலைக்குப் போகும் பிள்ளைகளிடமும் பேரப் பிள்ளைகளிடமும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்: சம்பளத்தில் பிடித்தார்களா என்பதோடு நிறுத்தாமல், அது கணக்கில் ஏறியதா என்றும் பார்க்கட்டும்.