நள்ளிரவுக் கதவு

குழந்தையின் கையிலிருக்கும் திரையை அரசின் கடிகாரம் அணைத்துவிட முடியுமா? ஸ்மார்ட்போன் குறித்த இன்றைய விவாதங்களில் ஓயாமல் எழும் இக்கேள்வியைத் தென்கொரியா பத்தாண்டுகள் சோதித்துப் பார்த்துவிட்டது. அவ்வரலாற்றை நாம் சற்று நிதானமாக வாசிக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

1997-ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் வேலையிழந்தவர்கள் பலர் அங்கே 'பிசி பாங்' எனப்படும் கணினி விளையாட்டு நிலையங்களைத் திறந்தனர். மறு ஆண்டே ஸ்டார்கிராஃப்ட் வெளிவந்தது. அதிவேக இணையமும் வீடுகளை எட்டியது. ஒரு தலைமுறை அவ்விளையாட்டுகளோடேயே வளர்ந்தது. பிள்ளைகளின் தூக்கம் பற்றிய பெற்றோரின் கவலை பொய்யானதல்ல. அக்கவலையின் விளைவாக 2011 ஏப்ரலில் இளையோர் பாதுகாப்புச் சட்டம் திருத்தப்பட்டது. அவ்வாண்டு நவம்பர் முதல், 16 வயதுக்குட்பட்டோர் நள்ளிரவு 12 மணியிலிருந்து காலை 6 மணிவரை இணைய விளையாட்டுகளில் நுழைய முடியாது என்றாயிற்று. அதைச் 'சிண்ட்ரெல்லா சட்டம்' என்று அழைத்தனர்.

பிள்ளைகளோ பெற்றோரின் குடிமக்கள் பதிவெண்ணைக் கொண்டு உள்ளே நுழைந்தனர். அதைவிட முக்கியமான மாற்றம் வேறு. 2009 நவம்பரில் ஐபோன் கொரியாவுக்கு வந்திருந்தது. சட்டம் மேசைக் கணினியைக் காவல் காத்துக்கொண்டிருக்க, விளையாட்டு தலையணையருகே குடிபெயர்ந்துவிட்டது. கைபேசி விளையாட்டுகள் மீதான அமலாக்கம் முதலில் ஒத்திவைக்கப்பட்டது. பின்னரும் நடைமுறைக்கு வரவில்லை. 2014-இல் அரசியலமைப்பு நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. ஆனால் காலம் வேறு தீர்ப்பு எழுதியது. 2021-இல், உலகெங்கும் சிறுவர்கள் விளையாடும் மைன்கிராஃப்டின் ஒரு பதிப்பு, இச்சட்டத்தின் காரணமாகவே, கொரியாவில் வயதுவந்தோர்க்கு மட்டுமானதாக ஆகும் விநோதம் நேர்ந்தது. எதிர்ப்பு வலுத்தது. 2022 ஜனவரி 1 அன்று சட்டம் மறைந்தது.

இவ்வரலாற்றின் மறுபாதி நம்மை அதிகம் உறுத்துகிறது. தலைநகர் சியோலில் 'ஹாக்வான்' எனப்படும் தனிப்பயிற்சி நிலையங்கள் இரவு 10 மணிக்குமேல் பாடம் நடத்தக்கூடாது என்றும் ஒரு விதி உண்டு. அத்தகைய விதி தேவைப்பட்டதே, பிள்ளைகளின் இரவைத் திருடியது விளையாட்டு மட்டுமல்ல என்பதைச் சொல்லவில்லையா? பள்ளி, பயிற்சி, வீட்டுப்பாடம் என்று பகல் முழுவதையும் பிறர் வகுத்த அட்டவணைக்குக் கொடுத்துவிட்ட சிறுவனுக்குத் தனக்கென்று எஞ்சுவது தூக்கத்திலிருந்து வெட்டியெடுத்த அந்த ஒரு மணி நேரம்தான். அதையும் பூட்டியவர்கள், பகலில் அவனுக்கு ஒரு மணி நேரத்தைத் திருப்பித் தரவில்லை.

சட்டம் போன பின்பும் ஒரு சிறு ஏற்பாடு எஞ்சியது: பெற்றோரோ பிள்ளையோ கேட்டுக்கொண்டால், அவர்கள் குறிக்கும் நேரத்தில் விளையாட்டு நிறுத்தப்படும். 2025 ஆகஸ்டில், வகுப்பறையில் கைபேசியைத் தடுக்கும் சட்டமும் நிறைவேறியது. அது 2026 மார்ச்சுக்கென்று குறிக்கப்பட்டது. வகுப்பறைக்கென்று ஒரு நோக்கமும், அருகில் ஓர் ஆசிரியரும் உண்டு. அங்கே விதி பொருந்தலாம். நள்ளிரவுப் படுக்கையறையில் எந்த அரசும் உட்கார்ந்திருக்க இயலாது. அங்கே தேவைப்படுவது, கைபேசியை வாங்கி வைக்கும் முன், அன்று அவன் எப்போது விளையாடினான் என்று விசாரிக்கும் ஒரு பெரியவர். அவ்விசாரிப்பை எந்தச் சட்டத்திடமும் நாம் ஒப்படைத்துவிட முடியாது என்பதே கொரியாவின் பத்தாண்டுகள் நமக்கு விட்டுச்செல்லும் பாடம் எனலாம்.